கைதூக்கி விடப்படும் கார் கம்பெனி: உங்கள் பில் எந்தப் பக்கம்?

கேள்வி: ஓசூரில் சின்னதாக ஒரு சி.என்.சி. பட்டறை நடத்துகிறோம். முப்பத்தைந்து பேர் வேலை பார்க்கிறார்கள். ஒரு பெரிய உதிரிபாக நிறுவனத்துக்கு பிரேக் ஹவுஸிங் மெஷினிங் செய்து கொடுக்கிறோம். அவர்கள் கார் கம்பெனிக்கு சப்ளை செய்கிறார்கள். எங்களுக்குப் பணம் வர 100 நாள் ஆகிறது, சில மாதம் 120 நாள்கூட. சிறுதொழில் சங்கக் கூட்டத்தில் ஒரு விவாதம் வந்தது. 2008-09இல் அமெரிக்க அரசு ஜெனரல் மோட்டார்ஸையும் கிரைஸ்லரையும் காப்பாற்றியதில் ஆயிரம் கோடி டாலர் மக்கள் பணம் போச்சு என்றார் ஒருவர். போடாமல் விட்டிருந்தால் நாடே படுத்திருக்கும் என்றார் இன்னொருவர். எது சரி? இங்கே அப்படி ஒரு கம்பெனி விழுந்தால் எங்களைப் போன்றவர்களுக்கு என்ன மிஞ்சும்? பழைய வண்டியை உடைக்க அரசு பணம் கொடுத்தால் எங்கள் ஆர்டர் கூடுமா? அந்த நம்பிக்கையில் இன்னொரு மெஷின் போடலாமா என்று யோசிக்கிறோம், ஐயா.
வாசகர், ஓசூர்

பதில்: உங்கள் கூட்டத்தில் பேசிய இருவரும் தப்பாகச் சொல்லவில்லை. ஆனால் இருவரும் பார்த்தது அரசின் கல்லாவை. பட்டறைக்காரர் பார்க்க வேண்டிய கணக்கு வேறு. கல்லாக் கணக்கை முதலில் முடித்துவிட்டு அதற்கு வருகிறேன்.

வங்கிகளைத் தாங்கிப் பிடிக்க 2008 அக்டோபரில் ஒதுக்கிய 70,000 கோடி டாலர் நிதியிலிருந்துதான் கார் துறைக்கும் பணம் போனது. மொத்தம் சுமார் 8,000 கோடி டாலர். ஜெனரல் மோட்டார்ஸுக்கு (ஜிஎம்) 4,950 கோடி போய், சுமார் 3,900 கோடி திரும்பியது. கிரைஸ்லருக்கு 1,250 கோடி போய், 1,120 கோடி திரும்பியது. கார் வாங்குபவர்களுக்கும் டீலர்களுக்கும் கடன் கொடுத்துவந்த ஜிமேக் நிறுவனத்துக்கு (பிறகு ஆலி என்று பெயர் மாறியது) 1,720 கோடி போட்டு 1,960 கோடி எடுத்தார்கள். கூட்டிக் கழித்தால் 900 கோடி டாலருக்குச் சற்று மேல் நட்டம். ஆயிரம் கோடி என்பது ஜிஎம்மை மட்டும் எடுத்துக்கொண்டால் வரும் தொகை.

ஜிஎம்மில் ஏன் இவ்வளவு நட்டம்? போட்ட பணத்தின் பெரும்பகுதியை அரசு கடனாக வைக்காமல் பங்காக மாற்றிக்கொண்டது. 2010 நவம்பரில் ஒரு பங்கு 33 டாலருக்குச் சந்தைக்கு வந்தபோது அரசு ஒரு பகுதியை விற்றது. அதன் பிறகு கையில் இருந்தது 50 கோடிப் பங்கு. வர வேண்டியிருந்தது சுமார் 2,640 கோடி டாலர். வகுத்துப் பாருங்கள், பங்கு 53 டாலருக்குப் போனால்தான் முதல் வரும். 2012 டிசம்பரில் 20 கோடிப் பங்கை 27.50 டாலருக்கு ஜிஎம்மே வாங்கிக்கொண்டது. மிச்சத்தை 2013 டிசம்பர் 9-க்குள் விற்று அரசு வெளியேறிவிட்டது. பொறுத்திருந்தால் கூடக் கிடைத்திருக்கலாம் என்பவர்கள் உண்டு. ஆனால் 'கவர்ன்மென்ட் மோட்டார்ஸ்' என்ற கேலியையும், எந்த ஆலையை மூடினாலும் ஒரு எம்.பி. வந்து நிற்பதையும் தாங்கிக்கொண்டு ஒரு அரசு கார் கம்பெனியில் பங்கு வைத்திருக்கக் கூடாது என்பதே என் கருத்து. நட்டத்துக்கு விற்றது சரிதான்.

இடையில் ஒரு வேடிக்கையும் நடந்தது. 2010 ஏப்ரலில் 'அரசுக் கடனை வட்டியோடு, ஐந்து ஆண்டு முன்பே அடைத்துவிட்டோம்' என்று ஜிஎம் டிவியில் விளம்பரம் கொடுத்தது. அடைத்த பணத்தில் பெரும்பகுதி அரசே போட்டு, ஒரு தனிக் கணக்கில் முடக்கி வைத்திருந்த பணம். அடைத்ததும் கடன் பாகம் மட்டும்தான்; பங்காக மாறிய பெருந்தொகை அப்படியே நின்றது. 'கடனை அடைத்துவிட்டார்கள்' என்று யாராவது சொன்னால், எந்தப் பணத்தில், எந்தக் கடனை என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் கணக்கு. அரசு பணம் போட்டதால் நட்டம் மறைந்துவிடவில்லை. அது யார் தலையில் விழும் என்பதைத்தான் அரசு மாற்றி எழுதியது. எப்படி எழுதியது என்று தெரிந்தால்தான் ஒரு வெண்டரின் பில் எங்கே போய் நிற்கும் என்பது புரியும்.

நடந்தது இரண்டு கட்டமாக. 2008 நவம்பரில் ஜிஎம், ஃபோர்டு, கிரைஸ்லர் தலைவர்கள் மூவரும் தனித்தனி ஜெட் விமானத்தில் வாஷிங்டன் வந்து இறங்கி 2,500 கோடி டாலர் கேட்டார்கள். கடன் கேட்டு வருகிறவர் வந்து இறங்கும் விதமா இது என்று சபையில் வறுத்தெடுத்தார்கள். அடுத்த முறை காரிலேயே வந்தார்கள். கேட்ட தொகை மட்டும் 3,400 கோடியாக ஏறியிருந்தது. டிசம்பர் 11 அன்று செனட்டில் மசோதா விழுந்தது. டிசம்பர் 19 அன்று அதிபர் புஷ், வங்கி நிதியிலிருந்து 1,740 கோடியை எடுத்துக் கொடுத்தார்: ஜிஎம்முக்கு 1,340, கிரைஸ்லருக்கு 400. இது வெறும் காலம் தாழ்த்தும் பணம். சம்பளத்துக்கும் சப்ளையர் பில்லுக்கும் போய்க் கரைந்தது.

இரண்டாம் கட்டம் ஒபாமா வந்த பிறகு. ஸ்டீவன் ராட்னர் தலைமையிலான அரசுக் குழு, இரண்டு கம்பெனிகள் கொடுத்த சீரமைப்புத் திட்டங்களையும் தேறாது என்று திருப்பி அனுப்பியது. ஜிஎம் தலைவர் ரிக் வாகனர் பதவி விலக வைக்கப்பட்டார். 'திவால் நீதிமன்றத்துக்குப் போங்கள், அங்கே பணம் நான் போடுகிறேன்' என்றது அரசு. கிரைஸ்லர் 2009 ஏப்ரல் 30 அன்று மஞ்சள் கடுதாசி கொடுத்தது. ஜிஎம் ஜூன் 1 அன்று. ஜிஎம்மின் மனுவில் சொத்து 8,229 கோடி டாலர், கடன் 17,281 கோடி டாலர் என்று இருந்தது. சாதாரண நாளில் இப்படிப்பட்ட திவாலுக்கு வங்கிகளே நடைமுறை மூலதனம் கொடுக்கும். லேமன் பிரதர்ஸ் என்ற பெரிய முதலீட்டு வங்கி விழுந்து ஒன்பது மாதம்கூட முழுசாக ஆகவில்லை. கொடுக்க யாரும் இல்லை. அந்த இடத்தில்தான் அரசு நின்றது. ஜிஎம் வழக்கில் மட்டும் அமெரிக்க அரசு போட்டது 3,010 கோடி டாலர். கனடாவும் பங்கு போட்டது.

அமெரிக்கத் திவால் சட்டத்தின் 363-ஆவது பிரிவு, கடனில் மூழ்கிய கம்பெனியின் சொத்தை நீதிமன்ற அனுமதியோடு விற்க இடம் தருகிறது. வாங்குகிறவருக்குப் பழைய வில்லங்கம் ஒட்டாது. நம்மூர்ப் பாகப்பிரிவினை போல நினைத்துக்கொள்ளுங்கள்: நஞ்சை, கிணறு, பம்ப்செட் எல்லாம் ஒரு பங்குக்கு, தரிசும் புரோநோட்டும் இன்னொரு பங்குக்கு. செவ்ரோலெட், கடிலாக், பியூக், ஜிஎம்சி, ஓடுகிற ஆலைகள், தேவைப்பட்ட ஒப்பந்தங்கள் இவை புதிய ஜிஎம்முக்குப் போயின. மூட வேண்டிய ஆலைகள், மாசுபட்ட நிலம், பத்திரக் கடன், பழைய வழக்குகள் 'மோட்டார்ஸ் லிக்விடேஷன் கம்பெனி' என்று பெயர் மாற்றப்பட்ட பழைய கம்பெனியிலேயே தங்கின. ஜூலை 10 அன்று விற்பனை முடிந்தது. நாற்பது நாள்!

அந்த வேகத்துக்கும் காரணம் உண்டு. திவால் கம்பெனியின் காரை யார் வாங்குவார்? வாரண்டிக்கு யாரிடம் போவது? அதற்காகவே வாரண்டிக்கு அரசு உத்தரவாதம் என்று தனித் திட்டம் போட்டு சுமார் 64 கோடி டாலர் ஒதுக்கினார்கள். அந்தப் பணம் முழுவதும் திரும்பிவிட்டது.

சரி, சப்ளையர்கள் எந்தப் பக்கம் நின்றார்கள்? நேரடி சப்ளையர்களில் பெரும்பாலோர் நல்ல பக்கம். புதிய ஜிஎம் கார் கட்ட வேண்டும். பிரேக்கும் சீட்டும் வேண்டும். எனவே அவர்களுடைய ஒப்பந்தத்தைப் புதிய கம்பெனி ஏற்றுக்கொண்டது. சட்டப்படி, ஏற்றுக்கொள்ளும் ஒப்பந்தத்தில் பழைய பாக்கி இருந்தால் அதையும் முழுசாகத் தீர்த்தாக வேண்டும். ஒப்பந்தம் ஏற்கப்படாத சப்ளையருக்குப் பழைய கம்பெனிதான் கதி. அங்கேயும், திவாலுக்கு முந்தைய 20 நாளில் இறக்கிய சரக்குக்கு முன்னுரிமை உண்டு. அதற்கு முந்தைய பில், வரிசையின் வாலில். அப்போது ஜிஎம் சராசரியாக 47 நாளில் பணம் கொடுத்துவந்தது. ஜூன் 2 அன்று தர வேண்டிய தவணையை மே 28க்கே முன்கூட்டிக் கொடுத்தது. திவாலுக்கு அடுத்த நாள் விழ வேண்டிய பணம் அது. அந்த ஐந்து நாளில் எத்தனை கம்பெனி தப்பித்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

2009 மார்ச்சிலேயே சப்ளையர்களுக்கென்று 500 கோடி டாலர் திட்டம் ஒன்றையும் அரசு அறிவித்திருந்தது. சப்ளையர் தனக்கு வர வேண்டிய பில்லை ஒரு தனி நிறுவனத்துக்கு விற்கலாம். தவணை நாளில் பணம் நிச்சயம் வரும் என்ற உத்தரவாதத்துக்கு 2 சதவீதம் கழிவு, உடனே கையில் வேண்டுமென்றால் 3 சதவீதம். கேட்க நன்றாக இருக்கிறது. கடைசியில் பயன்பட்டது 41.3 கோடி டாலர்தான். எந்த சப்ளையரைச் சேர்ப்பது என்று கார் கம்பெனிதான் தேர்ந்தெடுத்தது. நேரடி சப்ளையருக்கு மட்டும், அதுவும் உள்நாட்டு சப்ளையருக்கு மட்டும். உங்களைப் போல இரண்டாம் அடுக்கில் இருப்பவருக்கு அதில் வாசலே இல்லை. முதல் அடுக்குக்காரர் பணம் வாங்கித் தனக்குக் கீழே கொடுப்பார் என்பது நம்பிக்கை. அந்த முதல் அடுக்கே ஆட்டம் கண்டது. விஸ்டியான், மெட்டல்டைன், லியர், கூப்பர்-ஸ்டாண்டர்ட் எல்லாம் 2009 மே முதல் ஆகஸ்டுக்குள் திவாலுக்குப் போனவை. கிரைஸ்லர் நீதிமன்றத்தில் இருந்த காலத்தில் அதன் ஆலைகள் கிட்டத்தட்ட முழுசாக நின்றுபோயின. பழைய பாக்கி வந்தாலும் புது ஆர்டர் இல்லாமல் மாதக்கணக்கில் சம்பளம் கொடுக்க எத்தனை பட்டறையால் முடியும்?

கெட்ட பக்கத்தில் மாட்டியவர்களையும் சொல்ல வேண்டும். ஜிஎம் பத்திரம் வாங்கியிருந்தவர்கள் 2,700 கோடி டாலருக்கு ஈடாகப் புதிய கம்பெனியில் 10 சதவீதப் பங்கும், பின்னாளில் பங்கு வாங்கும் உரிமையும் பெற்றார்கள். தொழிலாளர்களின் ஓய்வுக்கால மருத்துவ அறக்கட்டளைக்கு 17.5 சதவீதம், கனடாவுக்கு 11.7, அமெரிக்க அரசுக்கு 60.8. கிரைஸ்லரில் இன்னும் சூடு. சொத்தை அடமானமாக வைத்து 690 கோடி டாலர் கொடுத்திருந்த கடன்காரர்களுக்கு 200 கோடிதான் கிடைத்தது, டாலருக்கு 29 சென்ட். அடமானமே இல்லாத தொழிலாளர் அறக்கட்டளைக்கு 55 சதவீதப் பங்கும் 460 கோடி டாலர் கடன் பத்திரமும் போயின. இண்டியானா மாநில ஓய்வூதிய நிதிகள் உச்ச நீதிமன்றம் வரை போயும் விற்பனையை நிறுத்த முடியவில்லை. 'அடமானக்காரர் பணத்தை எடுத்து யூனியனுக்குக் கொடுத்தார்கள்' என்ற கோபம் இன்னும் தீரவில்லை. எனக்கு அதில் பாதிதான் ஒப்புதல். கலைத்து விற்றிருந்தால் அடமானக்காரர்களுக்கு அந்த 200 கோடிகூடத் தேறியிருக்குமா என்பது சந்தேகம். புதுப் பணம் போடுகிறவர், தனக்கு நாளை தேவைப்படும் ஆளுக்கு அதிகம் கொடுப்பார். தொழிலாளி தேவை, பழைய கடன்காரர் தேவையில்லை. ஆனால் அந்தப் புதுப் பணக்காரர் அரசாக இருக்கும்போது 'யார் தேவை' என்ற தீர்மானத்தில் அரசியல் இல்லை என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது.

டெல்ஃபி கதை இதைக் காட்டிவிடும். ஜிஎம்மிலிருந்து பிரிந்த உதிரிபாகக் கம்பெனி அது. 2005 முதலே திவாலில் இருந்தது. அதன் மணிநேரக் கூலித் தொழிலாளர்கள் பெரும்பாலோருக்குக் குறைந்த ஓய்வூதியத்தை ஜிஎம் நிரப்பிக் கொடுத்தது. யூனியனோடு ஒப்பந்தம் இருந்தது. ஒரே கூரையின் கீழ் வேலை பார்த்த மாதச் சம்பளக்காரர்கள் சுமார் 20,000 பேருக்கு அப்படி யாரும் நிரப்பவில்லை. அரசு ஓய்வூதியக் காப்பு நிறுவனம் தன் உச்சவரம்புக்குள் கொடுத்ததை வாங்கிக்கொண்டார்கள். சிலருக்குப் பாதிக்கும் மேல் வெட்டு. பல ஆண்டு வழக்கு நடத்தியும் தோற்றார்கள். டீலர்களும் அப்படித்தான்: கிரைஸ்லர் 789 டீலர்களை ஒரே வீச்சில் கழற்றிவிட்டது.

வில்லங்கம் ஒட்டாது என்ற அந்த வசதியும் பிறகு திருப்பி அடித்தது. பழைய ஜிஎம் கார்கள் சிலவற்றில் இக்னிஷன் சுவிட்ச் ஓட்டத்திலேயே நழுவி எஞ்சினை அணைத்துவிடும், ஏர்பேக்கும் விரியாது. 2014இல் அது வெளியே வந்தபோது, 'அந்தப் பொறுப்பெல்லாம் பழைய கம்பெனிக்கு' என்றது புதிய ஜிஎம். அந்தக் குறை கம்பெனிக்குள் சிலருக்குத் தெரிந்திருந்தும் கார் வைத்திருந்தவர்களுக்கு விற்பனை நேரத்தில் அறிவிப்பே தரவில்லை, எனவே அவர்கள் உரிமையை அந்த விற்பனை உத்தரவு தடுக்காது என்று 2016இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. நாற்பது நாளில் முடிக்கும் அவசரத்தில் யாருக்கு நோட்டீஸ் போகவில்லை என்பது ஐந்து ஆண்டு கழித்துத்தான் தெரியவந்தது.

பொருளாதாரத்துக்கு நல்லதா கெட்டதா? 2007இல் 1.6 கோடிக்கு மேல் விற்ற வண்டிகள் 2009இல் 1.04 கோடியாகச் சுருங்கியிருந்தன. மிச்சிகனில் வேலையில்லாதோர் விகிதம் 14 சதவீதத்தை எட்டியது. மூன்று கம்பெனியும் முழுசாக நின்றால் முதல் ஆண்டில் சுமார் 30 லட்சம் வேலை போகும் என்று வாகன ஆய்வு மையம் ஒன்று அப்போது கணக்குச் சொன்னது. வெளிநாட்டுக் கம்பெனிகளின் அமெரிக்க ஆலைகளும் சப்ளை இல்லாமல் நிற்கும் என்ற அனுமானத்தில் போட்ட கணக்கு அது, உச்சபட்சமாக எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அனுமானம் காற்றில் எழுந்ததல்ல. ஃபோர்டு இந்தப் பணத்தை வாங்கவில்லை. 2006 கடைசியிலேயே தன் நீல ஓவல் சின்னம் வரை அடமானம் வைத்து 2,360 கோடி டாலர் புரட்டியிருந்தது. அப்படியும் அதன் தலைவர் ஆலன் முலாலி, போட்டியாளர்களுக்குப் பணம் கொடுங்கள் என்று சாட்சி சொன்னார். கருணையால் அல்ல. ஜிஎம் விழுந்தால் ஜிஎம்முக்கு வளைவுக் கம்பி கொடுப்பவர் விழுவார். ஃபோர்டுக்கும் அவர்தான் கொடுக்கிறார். ஒரு பாகம் வராவிட்டாலும் லைன் நிற்கும்.

ஆகவே, அன்றைய நிலையில், கடன் சந்தை உறைந்திருந்த அந்த ஆறேழு மாதத்துக்கு, செய்தது சரி என்றே சொல்வேன். 900 கோடி டாலரில் ஒரு தொழில் சங்கிலி அறுந்துபோகாமல் நின்றது மலிவு. அதோடு கல்லாவில் காட்டாத செலவும் உண்டு. புதிய ஜிஎம், பழைய கம்பெனியின் நட்டத்தைக் காட்டி எதிர்கால வருமான வரியைக் குறைத்துக்கொள்ள அரசு வழிவிட்டது. அந்தச் சலுகை 4,500 கோடி டாலர் வரை போகலாம் என்று அப்போது கணக்குச் சொன்னார்கள். நட்டக் கணக்கில் அதைச் சேர்க்காமல் பேசுவது முழுக் கணக்கல்ல. புதிதாகச் சேர்ந்த தொழிலாளர்கள் பழையவர் வாங்கிய மணிக்கு 28 டாலரில் பாதிக்குப் பக்கத்துப் பெஞ்சில் நின்று அதே வேலையைப் பார்த்ததும் இந்த மீட்பின் விலைதான்.

1980இல் கிரைஸ்லரை ஒருமுறை காப்பாற்றியபோது அரசு பணமே போடவில்லை. 150 கோடி டாலர் வங்கிக் கடனுக்கு ஜாமீன் மட்டும் நின்றது. வங்கி, தொழிலாளர், சப்ளையர், டீலர் எல்லோரும் சேர்ந்து 200 கோடிக்கு விட்டுக்கொடுத்தால்தான் ஜாமீன் என்று சட்டத்திலேயே எழுதினார்கள். 1983இல், கெடுவுக்கு ஏழு ஆண்டு முன்பே கடன் அடைந்தது. அரசு தன்னிடமிருந்த பங்கு உரிமையை ஏலம் விட்டு 31.1 கோடி டாலர் லாபம் பார்த்தது. இரண்டுக்கும் வித்தியாசம், 1980இல் வங்கிகள் கடன் கொடுக்கும் நிலையில் இருந்தன என்பதுதான்.

இங்கே அப்படி நடக்குமா? மறைமலை நகரில் ஃபோர்டு ஆலை 2022இல் உற்பத்தியை நிறுத்தியபோது எந்த அரசும் பங்கு வாங்கவில்லை. தொழிலாளருக்கு இழப்பீட்டுப் பேச்சுவார்த்தை நடந்தது. பல மாதம் இழுத்தது. அரசு வரும் என்று எண்ணி எந்த பில்லையும் விட்டுவைக்காதீர்கள். உங்களுடைய அபாயம் கார் கம்பெனி விழுவதைவிட, நடுவில் இருக்கும் உங்கள் நேரடி வாடிக்கையாளர் விழுவதுதான்.

மாதம் 30 லட்சம் ரூபாய்க்கு சப்ளை செய்து 100 நாளில் பணம் வந்தால், எந்த நாளிலும் ஒரு கோடி ரூபாய் அவரிடம் நிற்கிறது. அவர் நமது திவால் சட்டத்துக்குள் போனால் நீங்கள் 'தொழில்முறைக் கடன் கொடுத்தவர்', அதாவது சரக்குக்குப் பணம் வர வேண்டியவர். வங்கிகள் உட்காரும் கடன் கொடுத்தோர் குழுவில் உங்களுக்கு ஓட்டு கிடையாது. கலைப்பு என்றால் அடமான வங்கி, தொழிலாளர், ஊழியர், அடமானமில்லா நிதிக் கடன், அரசுப் பாக்கி எல்லாம் போய்த்தான் உங்கள் முறை. அமெரிக்காவில் இருக்கும் 20 நாள் முன்னுரிமை இங்கே இல்லை. திவால் தொடங்கிய நாளுக்குப் பிறகு கொடுக்கும் சரக்குக்கு மட்டும் முதலில் பணம் வரும். அப்போதும், திவால் காலத்தில் கம்பெனியை நடத்த நியமிக்கப்படும் இடைக்காலத் தீர்வாளரின் எழுத்துபூர்வ ஆர்டர் இல்லாமல் சரக்கை ஏற்றாதீர்கள். அறிவிப்பு வந்ததும், அவர் நியமிக்கப்பட்டதிலிருந்து 14 நாளுக்குள், 'பி' படிவத்தில் உங்கள் கோரிக்கையைப் பதிவு செய்துவிட வேண்டும். பலர் ஏமாறுவது, 'கம்பெனி ஓடிக்கொண்டுதானே இருக்கிறது' என்று இந்த 14 நாளைத் தூங்கிக் கழிப்பதில்தான்.

அதுவரை காத்திருக்க வேண்டாம். குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான அரசின் உத்யம் பதிவு இருக்கிறதா? நீங்கள் குறு அல்லது சிறு நிறுவனமாக இருந்தால், எழுத்துபூர்வ ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்த வாங்குபவருக்கு உரிமை இல்லை. ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதக் கூட்டு வட்டி. சென்னை, கோவை, மதுரை, திருச்சி ஆகிய நான்கு இடங்களில் வசூலுக்கான கவுன்சில் இருக்கிறது. ஓடுகிற வாடிக்கையாளர் மீது யாரும் புகார் கொடுப்பதில்லை என்பது தெரியும். ஆனால் வருமான வரியில் 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து, குறு, சிறு நிறுவனங்களுக்கு இந்தக் கெடுவுக்குள் கொடுக்காமல், ஆண்டு முடியும்போதும் நிற்கும் பணத்தை வாங்குபவர் அந்த ஆண்டுச் செலவாகக் காட்ட முடியாது. மார்ச் மாதம் அவருடைய அக்கவுண்ட்ஸ் ஆளிடம் இதை நினைவூட்டுவது புகாரைவிட நன்றாக வேலை செய்யும்.

அமெரிக்காவின் அந்த 2, 3 சதவீதத் திட்டத்துக்கு இங்கே நெருங்கியது டிரெட்ஸ் தளம். உங்கள் பில்லை ஏற்றுகிறீர்கள், வாங்குபவர் 'சரி' என்று ஒப்புக்கொள்கிறார், வங்கிகள் வட்டி கேட்டு ஏலம் எடுக்கின்றன, ஓரிரு நாளில் பணம். பின்னால் அவர் கொடுக்காவிட்டாலும் வங்கி உங்களிடம் திரும்ப வர முடியாது. 250 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ள கம்பெனிகள் அதில் பதிவு செய்வது கட்டாயம். உங்கள் வாடிக்கையாளர் அந்த அளவு என்றால் கேட்க உரிமை இருக்கிறது. பதிவு செய்துவிட்டு 'சரி' சொல்லாமல் இழுத்தடிப்பார்கள். அது ஒரு எச்சரிக்கை மணி என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆவணங்களில் இரண்டைச் சொல்கிறேன். ரிஜெக்‌ஷன் டெபிட் நோட் வந்தால் ஒரு வாரத்துக்குள் மெயிலில் பதில் போடுங்கள். ஏற்கிறீர்களா, மறுக்கிறீர்களா, எத்தனை பீஸ் என்று. திவால் மனு போடக் குறைந்தது ஒரு கோடி பாக்கி வேண்டும். அது இருந்தாலும், 'இந்த பில்லில் ஏற்கெனவே தகராறு இருக்கிறது' என்று அவர் ஒரு பழைய நோட்டைக் காட்டினால் மனு விழுந்துவிடும். இரண்டாவது, உங்கள் ஷெட்டில் இருக்கும் அவருடைய டை, ஃபிக்ஸ்சர், கேஜ், அவர் கொடுத்த காஸ்டிங் எல்லாவற்றுக்கும் நம்பர் ஒட்டிய பட்டியலும் சலானும் இருக்கட்டும். பூட்டு விழும் நாளில் அடமான வங்கி ஆள் வந்து எது யாருடையது என்று கேட்பார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாக்கி உறுதிக் கடிதத்தில் கையெழுத்து வாங்குவதை வழக்கமாக்குங்கள். ஜி.எஸ்.டி. நீங்கள் கட்டியாயிற்று, பணம் வராத பில்லுக்கு அது திரும்பாது என்பதால் உங்கள் நட்டம் பில் தொகையோடு நிற்காது.

கடைசியாக, பழைய வண்டி. 2009 கோடையில் அமெரிக்கா 300 கோடி டாலர் ஒதுக்கி, பெட்ரோல் அதிகம் குடிக்கும் பழைய வண்டியைக் கொடுத்துப் புதிது வாங்கினால் 3,500 அல்லது 4,500 டாலர் தள்ளுபடி கொடுத்தது. டீலர் அந்த எஞ்சினைச் சாகடிக்க வேண்டும் என்பது விதி: ஆயிலை வடித்துவிட்டு, இரண்டு லிட்டருக்குச் சற்றுக் குறைவாக 40 சதவீத சோடியம் சிலிகேட் கரைசலை ஊற்றி, 2,000 ஆர்.பி.எம்.மில் ஓடவிட்டால் சில நிமிடத்தில் பேரிங் பிடித்து எஞ்சின் இறுகிவிடும். முதல் 100 கோடி ஒரு வாரத்திலேயே தீர்ந்தது. ஆகஸ்ட் 24 வரை சுமார் 6.8 லட்சம் வண்டி. பொருளாதார ஆய்வாளர்கள் அதிஃப் மியானும் அமிர் சூஃபியும் ஊர் ஊராகக் கணக்கெடுத்தபோது, கூடுதலாக விற்றவை சுமார் 3.7 லட்சம் என்றும், அடுத்து வந்த மாதங்களில் விற்க வேண்டியவை முன்னால் வந்துவிட்டதால் 2010 மார்ச்சுக்குள் அந்தக் கூடுதல் அநேகமாகக் கரைந்துபோனது என்றும் கண்டார்கள்.

நம்முடைய பழைய வாகனக் கொள்கையில் மத்திய அரசு ரொக்கம் தருவதில்லை. உடைப்பு மையம் தரும் சான்றிதழுக்குச் சொந்தக் காருக்கு 25 சதவீதம் வரை, வணிக வண்டிக்கு 15 சதவீதம் வரை சாலை வரிச் சலுகை என்ற அளவில்தான். நாளை பெரிய தள்ளுபடி அறிவித்தாலும் உங்களுக்கு வருவது இரண்டு மூன்று மாத அவசர ஷெட்யூல். அதன் பிறகு அதே அளவு பள்ளம். அதற்கு ஓவர்டைமும் இரவு ஷிப்டும் போடுங்கள், மிஞ்சினால் பக்கத்துப் பட்டறைக்கு ஜாப் ஒர்க் கொடுங்கள். ஐந்து ஆண்டுத் தவணையில் மெஷின் வாங்குவதென்றால், தள்ளுபடி முடிந்து ஆறு மாதத்துக்குப் பிறகு வாடிக்கையாளர் தரும் எழுத்துபூர்வ ஷெட்யூலைப் பார்த்து, அந்த அளவிலும் தவணை கட்ட முடிகிறதா என்று போட்டுப் பார்த்த பிறகே அட்வான்ஸ் கொடுங்கள்.